போட்டோ பேக்கப் கைவிட்டால்: அறிகுறியை வைத்துப் பிடிப்பது

மாம்பலம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். வருபவர்கள் ‘லேப்டாப் ஸ்லோவா இருக்கு’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். பேச்சு முடிவதற்குள் ‘அப்புறம், அதுல பாப்பா போட்டோ எல்லாம் இருந்துச்சு’ என்று வந்து நிற்கும். ஆளுக்கு ஆள் கதை வேறு, அறிகுறிகள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக மூன்று தடைகள். எதையும் அழிக்காதீர்கள். ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டால் கேன்சல். படம் தொலைந்த அதே டிஸ்கிலோ கார்டிலோ புதிதாக எதையும் ஏற்றாதீர்கள், ரெகவரி மென்பொருள் உட்பட. நான் பார்த்தவரை பழுது தின்ற படங்களைவிட, பதற்றத்தில் செய்த வைத்தியம் தின்ற படங்கள்தான் அதிகம்.

## ‘எல்லாம் கூகுள்ல இருக்கு’, ஆனால் கடைசி ஆறு மாதப் படங்கள் இல்லை

இதைப் போனில் சோதிக்காதீர்கள். கூகுள் போட்டோஸ் செயலி போனில் உள்ள படத்தையும் மேலே (இணையத்தில் உள்ள கூகுள் கணக்குக்கு) போன படத்தையும் ஒரே வரிசையில் கலந்து காட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தோன்றும். வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் மெயில் கணக்கில் நுழைந்து, கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்து, கடைசிப் படம் எந்தத் தேதியில் நிற்கிறது என்று பாருங்கள். பேக்கப் அந்தத் தேதியோடு நின்றிருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். செயலியில் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் எந்த மெயிலில் பேக்கப் நடக்கிறது என்று காட்டும். புதுப் போனை செட் பண்ணிக் கொடுத்த மகன் தன் மெயிலைப் போட்டிருப்பான். ஒரு மாமியின் காசி யாத்திரைப் படங்கள் முழுக்க பெங்களூரில் இருக்கும் பையனின் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தன. ‘நான் எதையும் தொடலைப்பா, அவன்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தான்’ என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆபீஸ் மெயிலில் பேக்கப் போனால் இன்னும் ஆபத்து, வேலையை விட்ட அன்றே கணக்கு மூடப்படும்.

கணக்கு சரியாக இருந்தால் இடம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி படங்களுக்கு மட்டுமானதல்ல. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போடுகின்றன, இப்போது ஆண்ட்ராய்டு வாட்ஸப்பின் சாட் பேக்கப்பும் சேர்ந்துகொண்டது. தரம் குறைத்து எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை நம்பியே இன்னும் இருப்பவர்கள் ஏராளம். இடம் தீர்ந்தால் மெயில் வருவதும் நின்றுவிடும், எனவே ‘எனக்கு மெயிலே வரலை’ என்று யாராவது சொன்னால் நான் போட்டோவைத்தான் முதலில் கேட்பேன். வாட்ஸப் பேக்கப்பில் ‘வீடியோவையும் சேர்’ என்பதை அணைத்தாலே பல வீடுகளில் சில ஜிபி திரும்பி வரும். அதற்கும் அடங்காவிட்டால் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு 100 ஜிபி வாங்கிவிடுங்கள். பழைய படங்களை அழித்து இடம் தேடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இடமும் இருக்கிறது என்றால், அதே வட்டத்துக்குள் ‘வெயிட்டிங் ஃபார் வைஃபை’ என்று நிற்கிறதா பாருங்கள். வீட்டில் வைஃபை இல்லாமல் போன் டேட்டாவில் ஓடுபவர்களுக்கு இது வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். செயலியின் பேக்கப் அமைப்பில் மொபைல் டேட்டாவை அனுமதிக்க வேண்டும். அடுத்தது பேட்டரி. நம்மூரில் அதிகம் விற்கும் போன்கள் பல, பின்னணியில் ஓடும் செயலியைத் தாமாகவே நிறுத்திவிடும். செட்டிங்ஸில் கூகுள் போட்டோஸுக்கு உள்ள பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, இரவு சார்ஜில் போட்டு, செயலியைத் திறந்தபடி விடுங்கள்.

முதல் முறை ஏற்றுபவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். 50 ஜிபி படங்கள், அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், இடைவிடாமல் ஓடினாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த அறிகுறிக்கு ஆளைக் கூப்பிடத் தேவையே இல்லை.

## கேமரா படங்கள் மேலே போகின்றன, வாட்ஸப் படங்கள் போகவில்லை

கூகுள் போட்டோஸ் தானாக எடுத்துக்கொள்வது கேமரா ஃபோல்டரை மட்டும்தான். வாட்ஸப், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் ஆகியவற்றை ‘டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ என்ற இடத்தில் ஒவ்வொன்றாக ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால் குட் மார்னிங் படங்களும் சேர்ந்து ஏறும், அதற்குத் தயாராக இருங்கள்.

தம்பி கல்யாணத்தில் சித்தப்பா எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய படம் ஏற்கெனவே சுருங்கிய படம். அதை எத்தனை இடத்தில் பேக்கப் எடுத்தாலும் பெரிதாக பிரின்ட் போட்டால் பிசிறடிக்கும். அசல் அவர் போனில் இருக்கும்போதே ‘டாக்குமென்ட்டா அனுப்புங்க சித்தப்பா’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள். அவர் போனை மாற்றிவிட்டால் கேட்டுப் பயனில்லை.

## போனில் இடம் போதவில்லை என்று அழித்தேன், கூகுளிலும் போய்விட்டது

இது பழுதில்லை, அந்த ஏற்பாடே அப்படித்தான். செயலிக்குள் குப்பைத்தொட்டியைத் தொட்டால் போனிலும் போகும், மேலேயும் போகும். ஐபோன்காரர்களின் ஐகிளவுடும் அதே மாதிரி. இதை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கமும் மாறுகிறது என்றால் இரண்டும் சேர்ந்து ஒரே காப்பிதான்.

பார்க்க வேண்டிய இடம் ‘பின்’ என்ற அந்தக் குப்பைத்தொட்டி. மேலே ஏறிய படம் என்றால் கூகுள் பின்னில் 60 நாள் இருக்கும், ஏறாத படம் 30 நாள். ஐபோனில் ‘ரீசன்ட்லி டெலீட்டட்’ 30 நாள். சில போன்களின் சொந்த கேலரிக்குத் தனியாக ஒரு குப்பைத்தொட்டி உண்டு, அதையும் திறந்து பாருங்கள். கெடு தாண்டியிருந்தால், நீங்கள் யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று யோசிப்பதுதான் அடுத்த வழி. ‘அழித்த படத்தை மீட்கும்’ என்று விளம்பரம் வரும் போன் செயலிகளில் பலவும் தேடித் தருவது கேலரியின் சிறு முன்னோட்டப் படங்களை மட்டுமே. காசு கட்டாதீர்கள்.

இனிமேல் போனில் இடம் வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற வழியில் போங்கள். அது ஏறி முடிந்த படத்தை மட்டும் போனிலிருந்து எடுக்கும், மேலே உள்ளதைத் தொடாது.

## ஐபோனைக் கம்ப்யூட்டரில் செருகிக் காப்பி செய்தால் பாதியில் நிற்கிறது

‘எ டிவைஸ் அட்டாச்ட் டு தி சிஸ்டம் இஸ் நாட் ஃபங்ஷனிங்’ என்று விண்டோஸ் சொன்னால் கேபிளை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஐபோன் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்று இருக்கும். ‘ஆட்டோமேட்டிக்’ என்பதை ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றிவிட்டு மறுபடி செருகுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். வந்த படம் விண்டோஸில் திறக்கவில்லை என்றால் அது எச்இஐசி வகைக் கோப்பு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான நீட்சி கிடைக்கும். படம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

காப்பி முழுதாக முடிந்தும் எண்ணிக்கை குறைகிறதா? போனில் ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ ஆனாக இருக்கும். அசல் படங்கள் ஐகிளவுடில், போனில் இருப்பது சின்ன உரு. கேபிள் வழியாக அசல் வராது. கம்ப்யூட்டரில் ஐகிளவுட் தளத்தைத் திறந்து இறக்குங்கள், ஒரு தடவைக்கு 1000 படம் வரை தேர்ந்தெடுக்கலாம்.

## வெளி ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை

கடைக்கு வருவதில் அதிகம் இதுதான், அவசரத்தால் அதிகம் கெடுவதும் இதுதான். செருகியதும் என்ன நடக்கிறது என்று கண்ணாலும் காதாலும் கவனித்துவிட்டுக் கீழே உள்ள கிளைக்குப் போங்கள்.

### லைட் எரியவில்லை, சத்தமும் இல்லை

கேபிளை மாற்றுங்கள். கையடக்க டிஸ்குகளில் வரும் அந்த அகலத் தட்டை முனை சீக்கிரம் தளர்ந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், டிஸ்கையே கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்க யூஎஸ்பி வேண்டாம், பின்பக்கம் செருகுங்கள். நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தனி அடாப்டருடன் வரும் பெரிய டிஸ்க் என்றால் சந்தேகம் அடாப்டர் மேல். அவற்றுக்கு 12 வோல்ட் வேண்டும். பின் பொருந்துகிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் செருகினால் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை அங்கேயே கருகும். அடாப்டர் ஸ்டிக்கரில் வோல்ட் அதே எண்ணாகவும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கிறதா என்று படித்துவிட்டுச் செருகுங்கள். வீட்டு வைஃபை ரூட்டரின் அடாப்டர் 12 வோல்ட்டாக இருந்தாலும் ஆம்பியர் குறைவாக இருந்தால் டிஸ்க் சுழல முயன்று முயன்று நிற்கும்.

கேபிள், அடாப்டர், போர்ட், வேறு கம்ப்யூட்டர் என நான்கும் மாற்றியும் உயிர் இல்லை என்றால் பலகை போயிருக்கிறது. இங்கே நிறுத்துங்கள். அதே மாடலில் இன்னொன்று வாங்கிப் பலகையை மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். இன்றைய டிஸ்குகளில் அந்தப் பலகையில், அந்த டிஸ்குக்கே உரிய விவரங்களை வைத்திருக்கும் ரோம் சிப்பையும் பெயர்த்து வைக்காமல் படிக்காது. சிலவற்றில் யூஎஸ்பி முனை பலகையோடு சேர்ந்தே இருக்கும், தகவலும் அந்தப் பலகை வழியாகப் பூட்டப்பட்டிருக்கும். இது ரெகவரி தெரிந்தவர் கைக்குப் போக வேண்டிய வேலை.

### லைட் எரிகிறது, சுழல்கிறது, ஆனால் ‘திஸ் பிசி’யில் இல்லை

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க் அங்கே இருந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் ஒரு எழுத்து கொடுத்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

‘நாட் இனிஷியலைஸ்ட்’ என்று ஒரு பெட்டி எழும்பி ஓகே கேட்டால் கொடுக்காதீர்கள். ‘ரா’ (RAW) என்று காட்டினாலோ, ‘ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று சொன்னாலோ கேன்சல். படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும், எது எங்கே என்ற அட்டவணைதான் குலைந்திருக்கும். இணையத்தில் பலர் உடனே விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான ‘செக் டிஸ்க்’கை ஓட்டச் சொல்வார்கள். நலமான டிஸ்கில் அது உதவும். நலிந்த டிஸ்கில் அது எழுத ஆரம்பித்தால் மிச்சமும் போகும். முதலில் கீழே உள்ள உடல்நிலைச் சோதனை.

### தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் (டிஸ்கில் அல்ல) போட்டு ஓட்டுங்கள். நீல ‘குட்’ என்றால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்கள். மஞ்சள் ‘காஷன்’ என்றால் பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். அவை கெட்டுப்போன, கெட்டுக்கொண்டிருக்கும் இடங்களின் கணக்கு. சுழியமாக இல்லாவிட்டால் டிஸ்க் போகிற பாதையில் இருக்கிறது.

அப்போது மொத்தத்தையும் இழுத்துப் போடாதீர்கள். எது போனால் திரும்ப வராதோ அந்த ஒரு ஃபோல்டரை முதலில் எடுங்கள். வீட்டுக்காரர்களிடம் ‘எது முதல்ல வேணும்?’ என்று கேட்டால் பெரும்பாலும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள்: குழந்தை பிறந்த வருடம், இல்லாவிட்டால் இறந்துபோன அப்பாவோ அம்மாவோ இருக்கும் கடைசிப் படங்கள். சினிமாவும் பாட்டும் கடைசி. ஒரு கோப்பில் மாட்டி நின்றால் அதை ஸ்கிப் செய்து அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க் தொடக் கூடாத அளவுக்குச் சூடானால் சற்று நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள்.

லினக்ஸ் கைப்பழக்கம் உள்ளவர் என்றால் கோப்பு கோப்பாக எடுக்காமல், டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் இன்னொரு பெரிய டிஸ்கில் பிம்பமாக (அச்சு அசல் நகலாக) எடுத்துவிட்டு, மீட்கும் வேலையை அந்தப் பிம்பத்தின் மேல் செய்வது நல்லது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு வரும் அது. பழக்கமில்லை என்றால் இங்கேயே வல்லுநரிடம் கொடுங்கள். இந்த நிலையில் கொடுத்தால் செலவு தாங்கக்கூடியதாக இருக்கும்.

### டக்… டக்… டக்…

பிடுங்குங்கள், உடனே. இன்னொரு தடவை செருகி ‘இப்ப வருதா’ என்று பார்க்கும் ஆசைதான் படங்கள் பதிந்திருக்கும், உள்ளே சுழலும் தட்டைக் கீறுகிறது. படிக்கும் தலை உடைந்தோ ஒட்டியோ இருக்கும்போது ஒவ்வொரு சுழற்சியும் படங்களைச் சுரண்டி எடுக்கிறது. ஃப்ரிட்ஜில் வைப்பது, உள்ளங்கையில் தட்டுவது, வீட்டில் திருகு கழற்றித் திறப்பது எதுவும் வேண்டாம். தூசியில்லாத அறையும் மாற்றுத் தலையும் உள்ள ரெகவரி இடம் மட்டுமே வழி. புது டிஸ்க் விலையைப் பல மடங்கு தாண்டும் செலவு இது, அப்போதும் உறுதி கிடையாது.

## பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

பிரின்ட் போடக் கொடுத்துவிட்டு வந்த பென்டிரைவா? அப்படித்தான் இருக்கும். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் குடியிருக்கும் வைரஸ் படங்களை ஒளித்துவைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் போட்டுவைக்கும். அந்த ஷார்ட்கட்டை இரட்டை கிளிக் செய்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கும் வரும்.

எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள், ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை’ என்பதில் உள்ள டிக்கையும் எடுங்கள். மங்கலான நிறத்தில் ஃபோல்டர்கள் வெளிப்படும். பல தடவை பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். ஆன்டிவைரஸ் ஓட்டி, படங்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு பென்டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். அடுத்த தடவை பிரின்ட் கடைக்கு, போட வேண்டிய படங்களை மட்டும் ஏற்றிய தனி பென்டிரைவைக் கொடுங்கள்.

கோப்புப் பெயர்களின் வாலில் புரியாத எழுத்துகள் சேர்ந்து, பணம் கேட்டு ஒரு குறிப்பும் கிடந்தால் அது ரான்சம்வேர். நெட்டைத் துண்டித்து, வெளி டிஸ்கைப் பிடுங்குங்கள். யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் உங்கள் வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் பூட்டிய கோப்புகளை ஒரு ஓரமாக வைத்திருங்கள், சாவி பிற்பாடு வெளிவருவது உண்டு. பேக்கப் டிஸ்கை வருடம் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

## கேமரா மெமரி கார்டு ‘எரர்’ என்கிறது

கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டு நகர்ந்திருக்கிறதா, ரீடர் சரியா என்று பாருங்கள். சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதையும் துழாவிப் படங்களைப் பொறுக்கித் தரும். பழைய பெயர் வராது, எஃப் என்று தொடங்கும் நீண்ட எண்களாக வரும். சேமிக்கும் இடமாகக் கம்ப்யூட்டரைக் காட்டுங்கள், அதே கார்டைக் காட்டாதீர்கள். தவறி ஃபார்மேட் செய்த கார்டிலும், வேறு எதுவும் எழுதாத வரை, இது பெரும்பாலும் கைகொடுக்கும். எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சிப் வகை டிஸ்கில்) அழித்ததற்கு இந்த நம்பிக்கை வேண்டாம். அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

முதலில் ஏற்றிய படங்கள் திறக்கின்றன, பிந்தியவை பெயர் மட்டும் இருந்து திறக்கவில்லை என்றால் போலிப் பென்டிரைவோ கார்டோதான். நடைபாதையில் சில நூறு ரூபாய்க்கு ‘1 டிபி’ என்று விற்பது உள்ளே 16 ஜிபியாக இருக்கும். உள்ளே போகாத படத்தை மீட்க முடியாது. புதிதாக வாங்கியதை முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருள் கொண்டு நிரப்பிப் பார்த்துவிட்டுப் படம் ஏற்றுங்கள்.

## வெள்ளத்தில் நனைந்துவிட்டது

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளிலிருந்து வந்த டிஸ்குகளில் காப்பாற்ற முடியாமல் போனவை, பெரும்பாலும் வீட்டில் காயவைத்துச் செருகிப் பார்த்தவைதான். நனைந்த டிஸ்குக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள். ஹேர் டிரையர், வெயில், அரிசி டப்பா எதுவும் வேண்டாம். சேற்று நீர் உள்ளே புகுந்திருந்தால் அது காய்ந்து தட்டில் ஒட்டிக்கொள்வதுதான் கெடுதல். ஈரத்துணியோடு ஜிப் கவரில் போட்டு மூடி, அப்படியே ரெகவரி இடத்துக்குக் கொண்டுபோங்கள். காஷன் காட்டும் டிஸ்கில்கூட வீட்டில் முயலச் சொன்னேன், இதில் சொல்ல மாட்டேன்.

மெமரி கார்டும் பென்டிரைவும் பரவாயில்லை. நல்ல தண்ணீரில் அலசி, ஓரிரு நாள் நிழலில் உலரவைத்து, முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துச் செருகினால் பல நேரம் பிழைக்கும்.

வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் பேக்கப் டிஸ்கையும் அதே பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். லேப்டாப் ஒன்று, டிஸ்க் ஒன்று என இரண்டு காப்பி இருந்தும் தண்ணீருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் சிக்கும். டிஸ்க் ஒன்றை அண்ணா நகரில் இருக்கும் அக்கா வீட்டிலோ ஊரில் அப்பாவிடமோ கொடுத்துவைத்து, பொங்கலுக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். மேலே கிளவுடில் ஒன்று இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

## போனே செத்துவிட்டது

எதற்கும் முன், கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைத் திறந்து என்னவெல்லாம் ஏற்கெனவே மேலே இருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே மூச்சு திரும்பிவிடும்.

டிஸ்ப்ளே மட்டும் உடைந்து, ரிங் அடிக்கிறது என்றால், போனில் யூஎஸ்பி செருக உதவும் ஓடிஜி முனை வாங்கிச் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்து பேட்டர்ன் போட்டுத் திறக்கலாம். ஒன்றுமே தெரியாத திரை என்றால் டிஸ்ப்ளேயை மாற்றுவதே மலிவு.

நீரில் விழுந்தது என்றால் சார்ஜில் போடாமல் அணைத்துக் கொண்டுபோங்கள். சர்வீஸ் சென்டரில் நீட்டும் படிவத்தில் ‘தகவலுக்குப் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் ‘ரீசெட் பண்ணாம பார்க்க முடியுமா, முடியாதுன்னா தொடாதீங்க’ என்று சொல்லி எழுதியும் கொடுங்கள். போர்டு வேலை தெரிந்த தனி மெக்கானிக் இந்த விஷயத்தில் பெரிய சென்டரைவிட உதவுவார். ஏனென்றால் இன்றைய போன்களில் தகவல் அந்த போர்டோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது. நினைவகச் சிப்பை மட்டும் கழற்றி வேறொன்றில் வைத்துப் படிக்க முடியாது, அதே போர்டு சற்று நேரமாவது உயிர் பெற வேண்டும்.

## கணக்கில் நுழைய முடியவில்லை

பாஸ்வேர்டு மறந்தவர் முயற்சி செய்ய வேண்டியது, அந்தக் கணக்கு வழக்கமாக ஓடிய அதே போன் அல்லது கம்ப்யூட்டரில், அதே வீட்டு வைஃபையில். புதுப் போனில், கடையில் உட்கார்ந்து முயன்றால் கூகுள் சந்தேகப்படும். பழைய நம்பருக்கு ஓடிபி போகிறது என்றால், அந்த சிம் உங்கள் பெயரில் இன்னும் உயிரோடு இருந்தால் கடையில் மாற்று சிம் வாங்குங்கள். ரீசார்ஜ் செய்யாமல் துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம்.

இரண்டு வருடம் தொடாத கூகுள் கணக்கை அவர்கள் நீக்கலாம், படங்களோடு சேர்த்து. கல்லூரி நாட்களில் வைத்திருந்த அந்த இரண்டாவது மெயிலில் ஒரு தடவை நுழைந்து வெளியே வந்துவிடுங்கள்.

இறந்தவரின் கணக்கு என்றால் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பூட்டிவிடாதீர்கள். கூகுள் நெருங்கிய உறவினரின் கோரிக்கையைப் பார்க்கும், பாஸ்வேர்டை மட்டும் தராது. ஆப்பிளில், தனக்குப் பின் கணக்கைத் திறக்க இன்னார் என்று நியமிக்கும் ‘லெகசி கான்டாக்ட்’டை முன்பே வைத்திருந்தால் அப்போது கிடைத்த சாவியும் மாநகராட்சி தரும் இறப்புச் சான்றிதழும் போதும். அப்பா அம்மா இருக்கும்போதே இதையும், கணக்கு ஓடாமல் போனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துவைக்கும் கூகுளின் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜ’ரையும் உட்கார்ந்து போட்டுவையுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், காபி ஆறுவதற்குள் முடிகிற வேலைதான்.

## பழைய கல்யாண சிடி ஓடவில்லை

மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வேறு டிரைவில் போடுங்கள், பழைய டிரைவ் சிலது புதியதைவிட நன்றாகப் படிக்கும். விசிடி என்றால் உள்ளே ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டரில் உள்ள டேட் (.dat) கோப்பை விஎல்சி பிளேயர் நேரடியாக ஓட்டும். நம்மூர் புழுக்கத்தில் பூஞ்சை படர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிகிறது என்றால் அது போய்விட்டது. வீடியோ எடுத்த ஸ்டுடியோவை விசாரியுங்கள், சிலர் மாஸ்டர் டேப்பை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

## படம் வந்துவிட்டது, எல்லாத் தேதியும் இன்றைய தேதி

காப்பி செய்தால் கோப்பின் தேதி மாறும், படத்துக்குள் எழுதியிருக்கும் தேதி மாறாது. எக்ஸ்ப்ளோரரில் ‘டேட் டேக்கன்’ வைத்து வரிசைப்படுத்துங்கள். கூகுளில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் ‘டேக்அவுட்’ வழியாக இறக்கியவர்களுக்கு ஒவ்வொரு படத்தோடும் ஜேசன் என்று ஒரு சிறு கோப்பு வரும். நீங்கள் போட்டோஸில் திருத்திய தேதியும் குறிப்பும் அதில்தான் இருக்கின்றன, குப்பை என்று அழிக்காதீர்கள். டேக்அவுட் இணைப்பு ஒரு வாரம்போல்தான் உயிரோடு இருக்கும், வந்தவுடன் இறக்குங்கள். வாட்ஸப் படத்தில் உள் தேதி இருக்காது, ஆனால் கோப்புப் பெயரிலேயே வந்த தேதி எட்டு இலக்கமாக இருக்கும்.

## ரெகவரி இடத்துக்குப் போகும்போது

‘பார்க்க எவ்வளவு, மீட்டால் எவ்வளவு, மீட்காவிட்டால் எவ்வளவு’ என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். டிஸ்கை உங்கள் கண் முன்னால் கவுன்டரிலேயே திறப்பவரிடம் கொடுக்காதீர்கள். முன்பு யார் என்ன செய்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். செக் டிஸ்க் ஓட்டியதை மறைத்தால் அவர் தப்பான இடத்தில் ஆரம்பிப்பார். டிஸ்கின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டதைப் போட உங்கள் புது டிஸ்கைக் கொடுங்கள், பழையதிலேயே போட்டுத் தரச் சொல்லாதீர்கள். முழுப் பணம் கட்டும் முன் கோப்புப் பட்டியலை வாங்கி, நீங்கள் முக்கியம் என்று சொன்ன ஃபோல்டரில் பத்துப் படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். சின்ன உரு நன்றாகத் தெரிந்து, திறந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கும் படங்கள் உண்டு. பழைய டிஸ்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் குடும்பப் படங்களோடு பேங்க் காகிதங்களும் இருக்கும்.